வெப் படங்களில் இருப்பது பூசின நிறமா?

17 ஜனவரி 2026, மாலை 6.10 (கேள்வி, பள்ளத்தூரிலிருந்து ஒரு வாசகர்)

என் மகள் எட்டாவது படிக்கிறா. ஜேம்ஸ் வெப்னு விண்வெளியில இருக்கிற டெலஸ்கோப் எடுத்த படங்களைப் பள்ளிக்கூடத்துல காட்டியிருக்காங்க. வீட்டுக்கு வந்து, "இதெல்லாம் கம்ப்யூட்டர்ல கலர் அடிச்சதாம்ப்பா, கண்ணால பாத்தா இப்படித் தெரியவே தெரியாதாம்"னு சொல்றா. அது நிஜம்னா அந்தப் படத்தை வச்சுப் பிள்ளைங்க என்னத்தப் படிக்கிறது? பத்தாயிரம் ரூபாய்க்குள்ள ஒரு டெலஸ்கோப் வாங்கிக் கொடுத்தா அசல் வானத்தையாவது பார்ப்பாள்னு தோணுது. எது வாங்கலாம்?

17 ஜனவரி, இரவு 9.05

டெலஸ்கோப் இப்போதைக்கு வாங்காதீர்கள். மற்றது சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன்.

17 ஜனவரி, இரவு 10.20

மகள் சொன்னது சரிதான், நிறம் கணினியில் கொடுத்தது. ஆனால் அதற்காகப் படத்தைப் பொய் என்று தள்ள முடியாது.

வெப் பார்ப்பது பெரும்பாலும் அகச்சிவப்பு ஒளி. அதன் அலைநீளம் 0.6 மைக்ரானில் தொடங்கி 28 மைக்ரான் வரை போகிறது (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நம் கண் 0.7 மைக்ரானோடு கடையைக் கட்டிவிடும். அதற்கு மேல் உள்ள ஒளிக்கு நமக்கு நிறமே கிடையாது; சரியான நிறம் என்று ஒன்று இருந்தால்தானே தப்பான நிறம் பூசினார்கள் என்று சண்டை போடலாம்? கேமரா எடுப்பது எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு ஃபில்டர் வழியாக எடுத்தது. பிறகு, அலைநீளம் கூடின ஃபில்டரில் வந்ததற்குச் சிவப்பு, குறைந்ததற்கு நீலம், இடைப்பட்டதற்குப் பச்சை என்று கொடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் சிவப்புக்குத்தான் அலைநீளம் அதிகம், நீலத்துக்குக் குறைவு. ஆக வரிசை அப்படியே இருக்கிறது, மொத்தமாக இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள்.

வீட்டிலேயே காட்டலாம். டிவி ரிமோட்டை எடுத்து முனையில் உள்ள சின்ன பல்பைப் பார்த்தபடி பட்டனை அழுத்துங்கள். ஒன்றும் தெரியாது. அதையே போன் கேமரா வழியாகப் பாருங்கள், முன்பக்கக் கேமராவாக இருந்தால் நல்லது. ஊதா கலந்த வெள்ளையாக மினுக்கும். அது அகச்சிவப்பு. அந்த ஊதா போன் தன் வசதிக்குக் கொடுத்த நிறம். ஆனால் பல்பு எரிவது நிஜம், எத்தனை தடவை மினுக்குகிறது என்பதும் நிஜம். என் வகுப்பில் இதைச் செய்து காட்டிய பிறகு கலர் அடித்த கதையை யாரும் எழுப்பியதில்லை. ரிமோட்டைத் திருப்பி வாங்குவதுதான் பெரும்பாடு.

18 ஜனவரி, காலை 7.15

நேற்று எழுதினதைக் கொஞ்சம் நீட்ட வேண்டும், இல்லாவிட்டால் யாராவது வெப்புக்கு முன்னாலேயே விண்வெளிக்குப் போன ஹப்பிள் தொலைநோக்கியின் படத்தைக் கொண்டுவந்து மடக்குவார்கள்.

1995-இல் ஹப்பிள் எடுத்த 'படைப்பின் தூண்கள்' படம் எல்லாப் பாடப் புத்தக அட்டையிலும் இருக்கும். கழுகு நெபுலா (நெபுலா என்றால் விண்வெளியில் வாயுவும் தூசியும் சேர்ந்த மேகம்), சுமார் 6,500 ஒளியாண்டு தூரம். அதில் கந்தக அணுவிலிருந்து வரும் ஒளிக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம். இங்கேதான் சிக்கல். ஹைட்ரஜன் ஒளி கண்ணுக்குத் தெரியக்கூடியது, நிஜத்தில் அது சிவப்பு. கந்தகத்தினுடையதும் சிவப்புதான். இரண்டையும் அசலாகவே விட்டால் ஒரே சிவப்புக் குழம்பு, எது எங்கே என்று பிரித்தறிய முடியாது. அதனால் ஹைட்ரஜனைப் பச்சைக்கு மாற்றினார்கள். அந்தப் படத்தில் நிறம் என்பது அடையாளச் சீட்டு. எந்த ஃபில்டருக்கு என்ன நிறம் என்று படத்தை வெளியிடும்போதே குறிப்பில் போடுகிறார்கள். நாம் படத்தை மட்டும் வெட்டிக்கொண்டு குறிப்பை விட்டுவிடுகிறோம்.

18 ஜனவரி, இரவு 8.40

தை அமாவாசை. ராமேஸ்வரம் போய் வந்த களைப்பு எல்லோருக்கும், ஆனாலும் மாடிக்குப் பிள்ளைகள் சிலர் வந்தார்கள். மிருகசீரிடக் கூட்டத்தில் (ஓரியன் என்று புத்தகத்தில் இருப்பது) மூன்று நட்சத்திர வரிசைக்குக் கீழே மங்கலாக ஒரு புகை. பைனாகுலரில் சாம்பல் நிறத்தில் பஞ்சு போலத் தெரிந்தது. அதுதான் ஓரியன் நெபுலா, சுமார் 1,350 ஒளியாண்டு. ஒரு பையன் ஹப்பிள் எடுத்த படத்தைப் போனில் வைத்துக்கொண்டு மேலேயும் கீழேயும் பார்த்துவிட்டு, "ஏமாத்திட்டாங்க சார்" என்றான்.

மங்கின வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது, அவ்வளவுதான் விஷயம். ராத்திரி வெளிச்சமில்லாத அறையில் சிவப்புச் சட்டையும் பச்சைச் சட்டையும் ஒன்றுபோலத்தான் தெரியும். விண்கலத்தில் ஏறி நெபுலா பக்கத்திலேயே போய் நின்றாலும் இதே சாம்பல்தான்: பெரிதாகத் தெரியும், ஆனால் பரப்பில் அங்குலத்துக்கு அங்குலம் பிரகாசம் கூடாது. கேமரா மணிக்கணக்கில் ஒளியைச் சேர்த்து வைக்கும். கண்ணால் அது முடியாது.

21 ஜனவரி, மாலை 5.30

செவ்வாய்ப் பொங்கலுக்கு நாட்டரசன்கோட்டை போயிருந்தேன், அதனால் பதில் தாமதம். அதற்குள் தேவகோட்டை அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார்: "டெலஸ்கோப்பை விண்வெளிக்கு அனுப்பறது நட்சத்திரத்துக்குக் கிட்டக்கப் போறதுக்குத்தானே, இதுல என்ன பெரிய ரகசியம்?"

அண்ணே, கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹப்பிள் இருக்கிற உயரம் ஏறத்தாழ 500 கிலோமீட்டர். காரைக்குடியில் ரயிலேறி எழும்பூரில் இறங்குகிற தூரத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. சூரியனை விட்டால் நமக்கு மிகக் கிட்ட உள்ள நட்சத்திரம் 4.2 ஒளியாண்டு, அதாவது சுமார் 40 லட்சம் கோடி கிலோமீட்டர். அதில் ஒரு 500-ஐக் குறைத்து என்ன லாபம்?

மேலே அனுப்புவது காற்றைத் தாண்ட. ஊருணிப் படித்துறையில் நின்று, அலையடிக்கிற தண்ணிக்கடியில் கிடக்கும் காசைப் பார்ப்பது போலத்தான் நாம் நட்சத்திரத்தைப் பார்க்கிறோம். காற்று அசைவதால் மினுக்குகிறது, மினுக்குவதால் படம் கலங்குகிறது. இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். எக்ஸ் கதிரும் புறஊதாவில் பெரும்பகுதியும் காற்றைத் தாண்டித் தரைக்கு வருவதே இல்லை. அகச்சிவப்பில் பெரும்பகுதியைக் காற்றில் உள்ள நீராவி விழுங்கிவிடுகிறது. எவ்வளவு பெரிய மலைமேல் எவ்வளவு பெரிய கண்ணாடி வைத்தாலும் எக்ஸ் கதிரில் வானம் இருட்டுதான்.

21 ஜனவரி, மாலை 6.00

இதோடு ஒட்டின இன்னொன்று. வெப் மட்டும் ஏன் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளிப் போய் உட்கார்ந்திருக்கிறது? சூட்டுக்குப் பயந்து. சூடான எந்தப் பொருளும் அகச்சிவப்பில் ஒளிரும், தொலைநோக்கி உள்பட. பூமியைச் சுற்றிக்கொண்டே இருந்தால் ஒரு பக்கம் சூரியன், ஒரு பக்கம் பூமி, மாறி மாறிச் சுடும். எல்2 என்கிற அந்த இடத்தில் சூரியன், பூமி, நிலா மூன்றும் ஒரே திசையில் முதுகுப் பக்கமாக இருக்கும். ஐந்து அடுக்குத் திரை ஒன்று, டென்னிஸ் மைதானம் அளவு, அதை விரித்து மறைத்துவிட்டார்கள். நிழல் பக்கம் மைனஸ் 220 டிகிரிக்கும் கீழே. 6.5 மீட்டர் கண்ணாடி, 18 அறுகோணத் துண்டு, மேலே தங்க முலாம். தங்கம் அகச்சிவப்பை நன்றாகத் திருப்பி அனுப்பும் என்பதால்தான். மொத்தத் தங்கம் சுமார் 48 கிராம், ஆறு பவுன். நம் பக்கத்துக் கல்யாணத்தில் இதைச் சொன்னால் "இவ்வளவுதானா?" என்பார்கள்.

22 ஜனவரி, காலை 6.50

"ஹப்பிளுக்கே கண்ணாடி போட்டாங்கன்னு சொல்வாங்களே, அது கதையா?" என்று கேட்டவருக்கு: கதையில்லை. 1990 ஏப்ரலில் மேலே போனதும் படம் மசமசவென்று வந்தது. 2.4 மீட்டர் கண்ணாடியின் ஓரத்தைத் தயாரிக்கும்போதே 2.2 மைக்ரான் அதிகமாகத் தேய்த்துத் தட்டையாக்கிவிட்டார்கள். தலைமுடி கனத்தில் சுமார் ஐம்பதில் ஒரு பங்குதான். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்தும் கருவிகளை மாட்டினார்கள். கடைசியாகப் பழுது பார்த்தது 2009. வெப்புக்கு இந்தச் சலுகை இல்லை, அங்கே போய் ஸ்குரூ முடுக்க ஆளனுப்ப முடியாது.

30 ஜனவரி, இரவு 9.50

ஊரில் பாதிப் பேர் பழனிப் பாதையில் இருக்கிறார்கள். நடந்துகொண்டே ஒருவர் கேட்டிருக்கிறார்: "நிலாவுக்குப் பக்கத்துல பளபளன்னு ஒண்ணு நிக்குது, மினுக்கவே இல்ல. இதான் அந்த ஹப்பிளா?"

வியாழன். இந்த மாதம் முழுக்க மிதுனத்தில் இருக்கிறது. ஹப்பிள் நிற்காது, ஓடும். பூமியைச் சுற்றிவர சுமார் 95 நிமிஷம். ஆனால் கேள்வி நல்ல கேள்வி, ஏனென்றால் ஹப்பிளை நம் ஊரிலிருந்து நிஜமாகவே பார்க்கலாம். அதன் பாதை பூமத்திய ரேகைக்கு வடக்கே 28.5 டிகிரி, தெற்கே 28.5 டிகிரி, அதற்குள்தான். காரைக்குடி 10 டிகிரி. நேர் உச்சியிலேயே கடந்து போகும் நாளும் உண்டு. நார்வே, ஸ்வீடன்காரர்களுக்கு அது அடிவானத்துக்கு மேலேயே வராது. பொழுது சாய்ந்து ஒன்று ஒன்றரை மணி நேரத்துக்குள், அல்லது விடியுமுன், ஒரு நட்சத்திரம் சத்தமில்லாமல் மேற்கிலிருந்து கிழக்கே நகர்ந்து சில நிமிஷத்தில் மறையும். எந்தெந்த நாள் என்று செயற்கைக்கோள் பார்க்கும் ஆப்களில் ஊர்ப் பெயர் கொடுத்தால் வரும். வெப்பைக் கண்ணால் பார்க்கவே முடியாது.

நடக்கிறவர்கள் பைனாகுலர் வைத்திருந்தால் வியாழனைப் பாருங்கள், ஒரே கோட்டில் நான்கு புள்ளி தெரியும். கலிலியோ 1610 ஜனவரியில் பார்த்த அதே நான்கு நிலா. கையில் பிடித்தால் ஆடும், மரத்தில் சாய்ந்துகொள்ளுங்கள்.

31 ஜனவரி, மதியம் 2.15

டெலஸ்கோப் ஏன் வேண்டாம் என்றதற்குப் பள்ளத்தூர்க்காரர் இன்னும் காரணம் கேட்கிறார். நியாயம்.

அந்த விலையில் வருவதில் பெரும்பாலானவை "525 மடங்கு பெரிதாகத் தெரியும்" என்று பெட்டியில் போட்டிருக்கும். லென்சின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அதன் இரண்டு மடங்குக்கு மேல் பெருக்கினால் மங்கல்தான் மிஞ்சும். 60 மில்லிமீட்டருக்கு 120 மடங்கு, அதோடு சரி. அதைவிட மோசம் தாங்கு கால். நான் பார்த்த ஒன்றில், மூச்சு விட்டால் நிலா குழாய்க்கு வெளியே ஓடிவிடும். பிள்ளை இரண்டு நாள் பார்க்கும், மூன்றாம் நாள் அது பரணில் ஏறிவிடும்.

வாங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது சனியின் வளையம். 2025 மார்ச்சில் அந்த வளையம் நமக்கு விளிம்பைக் காட்டி நின்றது. இன்னும் மெல்லிசாகத்தான் இருக்கிறது. மார்ச்சில் சனியே சூரியன் பக்கம் போய் மறைந்துவிடும். முதல் ஏமாற்றத்தைக் காசு கொடுத்து வாங்குவானேன்? 10x50 பைனாகுலர் (பத்து மடங்கு பெரிதாக்கும், லென்ஸ் 50 மில்லிமீட்டர்) ஒன்று வாங்குங்கள். டெலஸ்கோப் ஆசை போகாவிட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம், வளையமும் அதற்குள் கொஞ்சம் விரிந்திருக்கும்.

7 பிப்ரவரி, இரவு 11.10

இன்றைக்குச் செய்ததை எழுதியே ஆக வேண்டும்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீடு. வருஷத்தில் பாதி நாள் பூட்டியே கிடக்கும். ஆச்சி சென்னையிலிருந்து வந்திருந்தார்கள், பிள்ளைகளைக் கூட்டி வரட்டுமா என்று கேட்டதும் சாவியை எடுத்துக்கொடுத்தார்கள். "விளக்கெல்லாம் அணைச்சிக்கங்க, பாய் மட்டும் போட்டுக்கங்க, தரை சில்லுன்னு இருக்கும்" என்பதோடு சரி. முகப்பு தாண்டி வளவு. முற்றத்துக்கு மேலே குரங்கு இறங்காமல் இருக்கக் கம்பி போட்டிருக்கிறது, கட்டம் கட்டமாக. பிள்ளைகளைக் கம்பிக்கு நேர் கீழே மல்லாந்து படுக்கச் சொன்னேன்.

முற்றத்திலிருந்து பார்த்தால் உச்சி வானம் மட்டும்தான் தெரியும். நம் அட்சரேகைக்கு உச்சியை ஒட்டிக் கடப்பது திருவாதிரை. பிப்ரவரி முதல் வாரத்தில் ராத்திரி ஒன்பது மணி வாக்கில் நேர் மேலே வந்துவிடும். தலையை அசைக்காமல், ஒரு கண்ணை மூடி, அந்தச் சிவப்பு நட்சத்திரம் ஒரு கம்பிக்குப் பின்னால் மறைந்து மறுபக்கம் வரும்வரை பார்க்கச் சொன்னேன். வானம் நான்கு நிமிஷத்துக்கு ஒரு டிகிரி நகரும். முதலில் ஒன்றும் ஆகவில்லை என்று சலித்துக்கொண்டார்கள். பிறகு ஒரு பெண், "இங்கன இருந்தது அங்கன போயிடுச்சு" என்று கத்தினாள். ஆச்சி பட்டாலையிலிருந்து எழுந்து வந்து, "என்னத்தா ஆச்சு?" என்று கேட்டார்கள். பூமி சுத்துது ஆச்சி என்று ஒரே குரலில் பதில்.

அதற்குப் பிறகுதான் ஹப்பிள் கதையைச் சொன்னேன். 2019 கடைசியில் இந்தத் திருவாதிரை மங்க ஆரம்பித்தது. 2020 பிப்ரவரியில் வெறுங்கண்ணுக்கே வித்தியாசம் தெரிந்தது, வெடிக்கப் போகிறது என்றெல்லாம் எழுதினார்கள். ஹப்பிள் அதற்கு முன்பே, 2019 செப்டம்பர் முதல் நவம்பர் வரை, புறஊதாவில் அதைக் கவனித்து வைத்திருந்தது: அடர்ந்த சூடான வாயு நட்சத்திரத்திலிருந்து வெளியே பாய்ந்துகொண்டிருந்தது. அது ஆறித் தூசியாகி நட்சத்திரத்தின் ஒரு பகுதியை மறைத்தது என்று விளக்கினார்கள். மங்கினதைக் கண்ணே பார்த்தது, ஏன் மங்கியது என்பதற்குப் புறஊதா வேண்டியிருந்தது. விண்வெளித் தொலைநோக்கி எதற்கு என்று இதைவிட நான் எப்படிச் சொல்ல?

8 பிப்ரவரி, காலை 8.00

கம்பி இல்லாத வீட்டுக்காரர்களுக்கு: வடக்கே பார்த்து நில்லுங்கள். கையை நேரே நீட்டி முஷ்டியை மடக்கி அடிவானத்தில் வையுங்கள். முஷ்டியின் மேல் விளிம்பில் துருவ நட்சத்திரம். நீட்டின முஷ்டி சுமார் 10 டிகிரி, காரைக்குடியின் அட்சரேகையும் 10. காசு செலவில்லை. கண்மாய்க் கரை போல வடக்கே மரம் மறைக்காத இடம் வேண்டும்.

பகலில் செய்ய ஆசைப்படுகிறவர்கள் ஏப்ரல் நடுவில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். சூரியன் நேர் உச்சிக்கு வருவதால் மதியம் 12.15 வாக்கில் நிழல் இருக்காது.

15 பிப்ரவரி, மாலை 4.40

"எல்லாம் அவன் டெலஸ்கோப், அவன் படம். இதில நம்ம ஆளு எங்க?" என்று ஒருவர். அவசரப்படுகிறார்.

1999-இல் மேலே போன எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் பெயர் சந்திரா. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக. 1983-இல் நோபல் பரிசு. வெள்ளைக் குள்ளன் நட்சத்திரம் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போனது) சூரியனைப் போல் 1.4 மடங்குக்கு மேல் நிறை தாங்காது என்று கணக்குப் போட்டவர், இருபது வயதுக்குள்.

இஸ்ரோவின் அஸ்ட்ரோசாட் 2015 செப்டம்பர் 28-இல் போனது, 650 கிலோமீட்டர் உயரம், புறஊதாவையும் எக்ஸ் கதிரையும் ஒரே சமயத்தில் பார்க்கும். 930 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்தின் (கேலக்ஸி) புறஊதா ஒளியைப் பிடித்தது 2020-இல் செய்தியானது. எக்ஸ் கதிரைப் பார்க்கும் எக்ஸ்போசாட் போனது 2024 ஜனவரி 1. சூரியனுக்கு ஆதித்யா எல்1, அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். தரையில் கேட்டால் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இலிருந்து இருக்கிறது. ஜவ்வாது மலையில் காவலூர், 2.3 மீட்டர் தொலைநோக்கி. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம், கிளம்புமுன் அவர்கள் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

15 பிப்ரவரி, மாலை 4.55

வளவுப் படத்தைக் கேட்டவர்களுக்கு: எடுக்கவில்லை. போன் வெளிச்சம் பட்டால் கண் மறுபடி இருட்டுக்குப் பழக இருபது நிமிஷம் ஆகும்.

2 மார்ச், இரவு 7.30

நாளைக்குச் சந்திர கிரகணம். நமக்கு நிலா எழும்போதே முடிகிற தருவாயில் இருக்கும், மாலை 6.47-க்கு நிழல் விலகிவிடும். கிழக்கே திறந்த இடமாகப் பார்த்து நின்றால் ஒரு இருபது நிமிஷம், ஓரம் கடித்த நிலா.

அப்படியே இருட்டினதும் வடகிழக்கே திரும்பிச் சப்தரிஷி மண்டலம் எழுவதைக் காட்டுங்கள். அந்தப் பக்கத்தில்தான், ஒன்றுமே இல்லாத இடமாகத் தேடிப் பிடித்து, 1995 டிசம்பரில் ஹப்பிளைப் பத்து நாள் திருப்பி வைத்தார்கள். ஹப்பிளின் ஆய்வு நேரத்தைப் பங்கிடும் நிலையத்தின் அப்போதைய இயக்குநர் ராபர்ட் வில்லியம்ஸ் தன் பொறுப்பில் இருந்த நேரத்தைக் கொடுத்தார். வெறும் இருட்டைப் பார்க்க இவ்வளவு நேரமா என்று தடுத்தவர்களும் உண்டு. 342 படம் சேர்த்ததில் சுமார் 3,000 விண்மீன் மண்டலம்.

9 மார்ச், இரவு 9.20

பள்ளத்தூர்க்காரரின் மகளே இப்போது எழுதியிருக்கிறாள்: "வெப் படத்தில நட்சத்திரத்துக்கு மட்டும் முள்ளு முள்ளா இருக்கே, அதுவும் கலர் மாதிரி சேத்ததா?"

இல்லை தங்கம். அது தொலைநோக்கி தானாகப் போடும் கையெழுத்து. ஹப்பிளில் சின்னக் கண்ணாடியைத் தாங்க நான்கு பட்டை, அதனால் நான்கு முள். வெப்பில் அறுகோணக் கண்ணாடியின் ஓரங்களால் ஆறு பெரிய முள், தாங்கு தண்டால் கிடைமட்டமாக இரண்டு சின்ன முள், ஆக எட்டு. 2022 ஜூலையில் வெளியான வெப்பின் முதல் ஆழ்வானப் படத்தை (எஸ்மாக்ஸ் 0723) இறக்கி, பெரிதாக்கிப் பார். எட்டு முள் உள்ளது அநேகமாக நம் பால்வெளியின் நட்சத்திரம். முள் இல்லாமல் நசுங்கியும் வளைந்தும் கிடப்பவை எல்லாம் விண்மீன் மண்டலங்கள். முதலில் முள் உள்ளதை மட்டும் எண்ணு. மற்றதை எண்ண உட்கார்ந்தால் பரீட்சைக்குப் படிக்க முடியாது.

10 மார்ச், காலை 6.30

அவள் ராத்திரியே எண்ணிவிட்டாள். கூடவே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "வெப் எடுத்த சிவலிங்க நெபுலா" என்று சுற்றும் ஒரு படத்தையும் அனுப்பி, "இதில ஒரு நட்சத்திரத்துக்கு அஞ்சு முள்ளு, பக்கத்துல இருக்கிறதுக்கு ஏழு, ஒண்ணொண்ணும் ஒரு பக்கம் சாஞ்சிருக்கு. ஒரே டெலஸ்கோப்னா எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கணும்?" என்று கேட்டிருக்கிறாள். இருக்கணும். ஏஐ வரைந்த படம். குழுவில் பெரியப்பாவிடம் இதை யார் சொல்வது என்று அப்பாவும் மகளும் பேசி முடிவு செய்துகொள்ளட்டும், நான் அதில் வரவில்லை.